ஜோனுக்குப் பக்கத்தில் ஓரிடம்

ஜூன் 3, செவ்வாய்

விடிய ஐந்தரைக்கே மழை. வேலைச் சப்பாத்து இரவெல்லாம் ஹீற்றருக்கு முன்னால் இருந்தும் காயவில்லை. பழைய கறுப்பைப் போட்டுக்கொண்டு போனேன். இடது பக்கம் கடிக்கிறது.

இன்றைய வீடுகள்: 8 மணி, குளிப்பாட்டல். 10 மணி, டொக்டர் ஹாலம். 12.30, சாப்பாடு கொடுத்தல். 3 மணி ரத்து. அந்த வீட்டு மகள் வந்திருக்கிறாளாம்.

டொ. ஹாலம் வீட்டுக்குப் போகத் தொடங்கி இந்த மாதத்தோடு மூன்று வருடம். முதல் நாள் கந்தோரில், எங்கள் அலுவலகத்தில், தந்த தாள் இன்னும் என் பையில் கிடக்கிறது. 'ஆண், 84, தனியே வசிக்கிறார். நீரிழிவு, இதயம், இடது பாதத்தில் ஆறாத புண். சிடுசிடுப்பானவர்.' அவர் அமெரிக்கர் என்பது அதில் இல்லை. வியட்நாம் சண்டையில் அமெரிக்க இராணுவத்தின் அறுவை வைத்தியர் என்பதும் இல்லை. அங்கே சந்தித்த ஆஸ்திரேலிய நேர்ஸைக் கட்டிக்கொண்டு, ஊருக்குப் போகாமல் மெல்பேர்னுக்கு வந்து, ஸ்பிரிங்வேலில் முப்பது வருடம் சின்னக் கிளினிக் ஒன்று நடத்தியவர் என்பதும் இல்லை. அந்த நேர்ஸ்தான் ஜோன். நான் போகத் தொடங்குமுன்பே செத்துப்போனா.

என்னைப் பற்றிய தாளிலும் ஒன்றும் இல்லைத்தான். 'வதனி. கேரர் (வீட்டுப் பராமரிப்பு). சொந்தக் கார் இல்லை.'

முதல் கிழமை அவருடைய காலில் கட்டு அவிழ்ந்து தொங்கியது. கட்டு மாற்ற எங்களுக்கு அனுமதி இல்லை. அதற்கென்று நேர்ஸ் கிழமைக்கு இரண்டு தரம் வருவாள். ஆனால் தொங்குவதை விட்டுவிட்டு வர மனமில்லை. சுற்றிக் கட்டிவிட்டேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது பாதத்துக்குக் கட்டுகிற கட்டு இல்லை. கால் எடுத்த பிறகு கட்டுகிற கட்டு. எத்தனை பேருக்குக் கட்டினாய்?"

"எண்ணவில்லை."

"நானும்," என்றார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து என்னைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

இன்று மூச்சு மோசம். இரண்டு காலும் முழங்கால் வரை வீக்கம். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். மாட்டாராம். "அங்கே என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்." கதிரையிலேயே நிமிர்ந்து இருந்துதான் நித்திரையாம், ஐந்து நாளாக. அவருடைய குடும்ப டொக்டருக்குப் போன் பண்ணினேன். நாளை வருவதாகச் சொன்னார்கள்.

யன்னல் பக்கம் கதிரையைத் திருப்பச் சொன்னார். திருப்பியதும் பாட்டனுக்குப் பாட்டன் கதை. பத்தாவது தரமாவது இருக்கும். அவரும் இராணுவ வைத்தியர், அமெரிக்கா என்று ஒரு நாடு வந்த புதிதில். ஆற்றங்கரையில் ஒரு கோட்டை. சிப்பாய்களுக்குக் காய்ச்சல். பார்க்கப் போனவருக்கும் தொற்றி ஏழாம் நாள் முடிந்தது. மேளம் அடித்து, துவக்குகள் சுட்டு வெடித்து, அதிகாரிகள் எல்லோரும் தொப்பி கழற்றி அடக்கம். மனைவி ஹரியட் நானூறு மைலுக்கு அப்பால். கடிதம் போய்ச் சேர ஐந்து கிழமை. அந்த ஐந்து கிழமையும் அவள் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாளாம். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

"அவரைப் பற்றி ஊரே எழுதி வைத்திருக்கிறது, சிஸ்டர். அவள் வேறொரு மாநிலத்தில், ஒரு கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால் கல்லறையில் தனியே கிடக்கிறாள். அந்த வெடிச்சத்தம் அவளுக்குக் கேட்கவே இல்லை."

வழக்கமாக இதோடு நிற்பார். இன்று நிற்கவில்லை.

"என்னை ஜோனுக்குப் பக்கத்தில் போடவேண்டும். இடம் வாங்கி வைத்திருக்கிறேன். கொடி வேண்டாம். வெடி வேண்டாம். என்னைத் தெரியாதவன் ஒருவனும் எழுந்து நின்று பேசக்கூடாது."

எழுதி வையுங்கள் என்றேன். கையைத் தூக்கிக் காட்டினார். நடுங்கியது.

"வியாழன் நீ வா. நான் சொல்கிறேன், நீ எழுது. கையெழுத்து எப்படியும் போட்டுவிடுவேன்."

வரும் வழியில் கோழி வாங்கினேன். சமைக்கவில்லை. பாணும் சம்பலும்.

ஜூன் 5, வியாழன்

டொ. ஹாலம் போய்விட்டார்.

10 மணிக்குப் போனேன். வாசலில் திறப்புப் பெட்டி, நம்பர் அழுத்தித் திறப்பை எடுத்து, கதவு. குசினி வெளிச்சம் எரிந்தபடி. "குட் மோர்னிங் டொக்டர்" என்று சொல்லிக்கொண்டே சப்பாத்தைக் கழற்றினேன். பதில் வரவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் இரண்டு சப்பாத்தையும் ஒழுங்காகச் சுவரோரம் வைத்துவிட்டுத்தான் போனேன். ஏன் என்று தெரியவில்லை.

யன்னல் பக்கக் கதிரையில். தலை ஒரு பக்கம். கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன், குளிர். சில மணித்தியாலம் ஆகியிருக்கும்.

அப்படியே விடவேண்டும், தொடக்கூடாது என்பது எங்கள் விதி. கண்ணை மூடிவிட்டேன். வலது காலில் மேசு இல்லை, குளிருக்கு வெறும் பாதம். போட்டுவிட்டேன். பிறகுதான் அம்புலன்ஸுக்கு அடித்தேன், பிறகு கந்தோருக்கு.

அம்புலன்ஸ்காரர் இருவர், பிறகு ஒரு பொலிஸ் பெண். நல்ல பிள்ளை. கேட்டாள்:

"குடும்பமா?"

"இல்லை. கேரர்."

"குடும்பத்தில் யாரும்?"

"அமெரிக்காவில் தம்பி ஒருவர். தம்பியின் மகன் வருடத்துக்கு ஒரு தரம் போன் எடுப்பார்."

நேற்று குடும்ப டொக்டர் வந்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாராம். இவர் மறுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தத் தாள் மேசையில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் வெறும் தாள் இரண்டு. மேலே ஒரு பேனா.

பக்கத்து வீட்டு ரோசா வந்து வேலியில் நின்று அழுதா. இத்தாலிக்காரி, எண்பது இருக்கும். நான் அழவில்லை. 12.30க்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன்.

ஜூன் 6, வெள்ளி

வெயில். நல்ல குளிர்.

கந்தோர் ஒருங்கிணைப்பாளர் கெரியின் போன். மன ஆறுதலுக்குப் பேச ஒரு நம்பர் இருக்கிறதாம், வேண்டுமென்றால் அனுப்புகிறாவாம். ஓம் என்றேன். "குடும்பத்தோடு இனி நீங்கள் தொடர்பு வைக்கவேண்டாம். எல்லாம் எங்கள் ஊடாகத்தான். சரியா?" அதற்கும் ஓம் என்றேன்.

அவர் ஜோனுக்குப் பக்கத்தில் போடச் சொன்னவர் என்று சொன்னேன். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டா. இல்லை. "அப்படியென்றால் அது குடும்பத்தின் விஷயம், வதனி."

செவ்வாய், வியாழன் 10 மணி காலி. வேறு ஆள் பார்த்துப் போடுவார்களாம்.

உடுப்புத் தோய்த்தேன். சப்பாத்து காய்ந்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

கிரெய்கிபர்னுக்கு, தம்பி வீட்டுக்கு. இரண்டு ரெயின், ஒரு பஸ். தம்பியின் மகள், என் மருமகளின் பிறந்தநாள், பதினாறு. வீடு முழுக்க ஆட்கள். எல்லா அன்ரிமாரும் ஒரே கேள்வி: "இன்னும் அந்த யூனிற்றில தனியவோ?" ஓம், இன்னும் தனியத்தான். ஐம்பத்தாறு வயதில் வேறு யாரோடு?

குசினியில் தம்பியின் மனைவி கலாவுக்கு ரோல்ஸ் பொரிக்க உதவினேன். சொன்னேன், நான் பார்த்த டொக்டர் ஒருவர் செத்துப்போனார் என்று.

"எத்தினை வயசு மச்சாள்?"

"எண்பத்தேழு."

"அப்ப நல்ல சாவுதானே. படுக்கையில கிடந்து அழுந்தேல்ல."

"ஓம்."

"எண்ணெய் காணுமோ, இன்னும் விடோணுமோ எண்டு பாருங்கோ."

கலாவில் பிழை இல்லை. நான் அதற்கு மேல் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மருமகள் கட்டிப்பிடித்து "தாங்க்ஸ் மாமி" என்றாள். நான் கொடுத்த சட்டை அவளுக்குச் சின்னன். போன வருட அளவு என் மனதில் நின்றுவிட்டது.

திரும்பி வரும்போது ரெயினில் ஒரு கிழவர், தனக்குத்தானே: "அடுத்தது எந்த ஸ்டேஷன், அடுத்தது எந்த ஸ்டேஷன்." ஒருவரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். டண்டினொங் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

10 மணிக்கு வேலை இல்லை. ஆனாலும் அந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். பழக்கம். இறங்கிய பிறகு அவர் தெருவில் நடந்தேன். ரோசா குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தா.

"தம்பி மகன் வந்திருக்கிறார், தெரியுமா? நேதன். நல்ல உயரம். டொக்டரைப் பெட்டியில் வைத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப் போகிறாராம். வியாழக்கிழமை அதற்கான அனுமதிக்கு ஏதோ பேப்பர் போடவேண்டுமாம்."

"அமெரிக்காவுக்கா?"

"ஏதோ பழைய இராணுவச் சவக்காலையில் புதைப்பார்களாம். அவர்களுக்கு அது பெருமை."

அவ வேலிக்கு இந்தப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினா. "ஜோன் என்னாவது?"

அவவின் தொட்டியை உள்ளே இழுத்து வைத்துவிட்டு வந்தேன். பஸ் நிறுத்தத்தில் மூன்று பஸ் போக விட்டேன். கெரியின் சொல் காதில் நின்றது. இந்த வேலை எடுக்க எனக்குப் பதினெட்டு மாதம் எடுத்தது. அதற்குமுன் கோழி வெட்டுகிற தொழிற்சாலை. ஐஸ் தண்ணீர். அங்கே திரும்பிப் போக முடியாது, கை இரண்டும் விட்டுவிட்டது.

முடிவு இல்லை. நாளைக்குப் பார்ப்போம்.

ஜூன் 11, புதன்

போனேன்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. சீருடையைக் கழற்றிச் சாதாரண உடுப்பு. கந்தோர் அடையாள அட்டையையும் பையில் வைத்துவிட்டேன். அவர் வீட்டுக் கதவில் மூன்று வருடத்தில் முதல் தரமாக மணி அடித்தேன்.

நேதனுக்கு ஐம்பது ஐம்பத்தைந்து இருக்கும். சவரம் செய்யாத முகம். டொக்டரின் மூக்கு அப்படியே. உள்ளே வரச் சொன்னார். பெட்டிகள், பெட்டிகள். யன்னல் பக்கக் கதிரையில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அதைப் பார்க்காமல் இருந்தேன்.

"நீங்கள்தான் சுத்தம் செய்ய வருபவரா?"

"கேரர். இறந்து கிடந்த அவரை முதலில் கண்டவளும் நான்தான்."

அவர் முகம் மாறியது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். இருக்கச் சொன்னார். அவர் மோசமான ஆள் இல்லை. மணி அடிக்குமுன், மோசமான ஆளாக இருந்தால் சொல்வது லேசு என்று நினைத்திருந்தேன்.

சொன்னேன். ஜோன் பக்கத்தில். கொடி இல்லை. வெடி இல்லை.

"எழுதியிருக்கிறாரா?"

"இல்லை. போன வியாழன் எழுத இருந்தோம்."

நேதன் போனை எடுத்து ஒரு படம் காட்டினார். பழைய கல், சுற்றி இரும்பு வேலி, புல் வெட்டித் துப்புரவாக. பாட்டனுக்குப் பாட்டன். பக்கத்தில் வெறும் நிலம்.

"எங்கள் குடும்பத்தில் இராணுவ வைத்தியர் இரண்டே பேர். முதலாமவர் இவர். கடைசி ஆள் பெரியப்பா. இந்த இடத்தைக் கேட்டு எடுக்க அப்பா நாலு பேருக்கு எழுதினார். அப்பாவுக்கு எண்பத்துமூன்று. அண்ணனை ஐம்பது வருடமாகக் காணவில்லை. எங்கள் பாட்டியின் சாவுக்கும் பெரியப்பா வரவில்லை, அந்தக் கோபத்தில் அப்பா பேசாமல் விட்டவர். இப்போது வீட்டுக்குக் கொண்டு வா என்கிறார். நான் என்ன சொல்ல?"

வாயில் வந்தது இதுதான்:

"இவருடைய மனைவி எங்கே?"

"யாருடைய?"

"படத்தில் இருப்பவருடைய."

அவர் படத்தைத் திரும்பப் பார்த்தார். தெரியாது என்றார். மனைவி ஒருத்தி இருந்தாள் என்பதே அவருக்குத் தெரியாது.

ஹரியட்டின் கதையைச் சொன்னேன். என் இங்கிலிஷில். ஐந்து கிழமைக் கடிதம், சளி, வேறு மாநிலத்துக் கோயில். சொல்லச் சொல்ல டொக்டருடைய குரலிலேயே சொல்கிறேன் என்று பட்டது. நிறுத்தும் இடங்கள்கூட அவருடையவை. வெடிச்சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை என்ற இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்தேன்.

நேதன் கதவு வரை வந்தார். "யோசிக்கிறேன்" என்றார். "ஆனால் உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. நாளைக்குப் பேப்பர் போடவேண்டும்."

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். உப்பில்லை என்று சாப்பிட்டு முடிந்த பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 12, வியாழன்

இன்று பேப்பர் போடும் நாள். 10 மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் யூனிற்றின் யன்னல்களைத் துடைத்தேன். ஒரு செய்தியும் இல்லை. என் நம்பர் அவரிடம் இல்லை, அவருடையது என்னிடம் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

கெரி கூப்பிட்டா. நேரில்.

நேதன் கந்தோருக்குப் போன் எடுத்து என் நம்பர் கேட்டிருக்கிறார். நல்ல மனதோடுதான். அதனால் எல்லாம் தெரிந்துவிட்டது.

"போகவேண்டாம் என்று சொன்னேனா, இல்லையா?"

"சொன்னீர்கள்."

"பிறகு ஏன் போனீர்கள்?"

"அவர் என்னிடம்தான் சொன்னவர். எனக்குத் தெரிந்தது வேறு ஒருவருக்கும் தெரியாது."

கெரி பேனாவை மூடினா, திறந்தா. அவவுக்கும் மேலே ஆள் இருக்கிறது. எழுத்தில் எச்சரிக்கை. இன்னொரு தரம் என்றால் வேலை போகும். வாசித்துக் கையெழுத்துப் போட்டேன். 'தொழில்முறை எல்லையை மீறினார்' என்று இருந்தது.

வெளியே வரும்போது மெதுவாகச் சொன்னா: "என் அம்மாவுக்கு நீங்கள் வந்திருந்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். அது வேறு."

நேதனிடம் இருந்து போன் வரவில்லை. கந்தோர் நம்பரைக் கொடுக்கவில்லை போலும். பெட்டி இந்நேரம் ஆகாயத்திலோ என்று யோசனை.

ஜூன் 14, சனி

11 மணி. கதவில் தட்டும் சத்தம். ரோசா. என் விலாசம் அவவுக்குத் தெரியும், மகனின் காரில் வந்திருக்கிறா. பின்னால் நேதன். என்னுடைய யூனிற்றுக்கு இவ்வளவு பேர் ஒன்றாக வந்தது இதுதான் முதல். கதிரை இரண்டுதான். நேதன் நின்றார்.

பேப்பர் போடவில்லையாம்.

அன்று நான் போன பிறகு தகப்பனுக்குப் போன் எடுத்திருக்கிறார். ஹரியட் யார் என்று கேட்டாராம். தகப்பன் சொன்னாராம்: சின்ன வயதில் அம்மா எங்கள் இரண்டு பேரையும் ஹரியட்டைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போனா. கல் விழுந்து புல்லுக்குள் கிடந்தது. நான் பூச்சி பிடித்துக்கொண்டு திரிந்தேன். அண்ணன்தான் முழங்காலில் இருந்து அன்று பின்னேரம் முழுக்க அந்தக் கல்லை நிமிர்த்தப் பார்த்தான். அவனுக்குப் பத்து வயது. முடியவில்லை. அழுதுகொண்டு வந்தான்.

"பிறகு அப்பா சொன்னார், அவனை அங்கேயே விடு, ஜோனுக்குப் பக்கத்தில் விடு என்று."

ரோசா மூக்கைச் சிந்தினா.

அடக்கம் செவ்வாய் 11 மணி. இடத்துப் பத்திரம் ஜோனின் தையல் பெட்டிக்குள் கிடந்ததாம். இன்னொன்று: அமெரிக்கத் தூதரகத்தால் ஒரு கொடி கொடுக்கிறார்கள். வேண்டாம் என்றுதான் பெரியப்பா சொன்னார், ஆனால் அப்பாவிடம் வெறுங்கையோடு எப்படிப் போவது என்று என்னைக் கேட்டார். என்னை.

யோசித்துச் சொன்னேன்: "பெட்டியில் போடவேண்டாம். மடித்தபடியே அப்பாவிடம் கொண்டுபோங்கள். அவர் தனக்கு வேண்டாம் என்றார். தம்பிக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை."

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். கோப்பை மூன்று கழுவினேன்.

ஜூன் 16, திங்கள்

சவக்காலைக்கு பஸ் இல்லை. தம்பிக்குப் போன்.

"நாளைக்கு என்னெண்டு அக்கா லீவு எடுக்கிறது? முதலே சொல்லியிருக்கலாமெல்லே. சொந்தக்காரர் ஆரும் செத்ததோ?"

"இல்லை. நான் பார்த்த டொக்டர்."

"அதுக்கு நீங்கள் போகோணுமோ?"

"ஓம். போகோணும்."

"ஊபர் பிடிச்சுப் போங்கோ அக்கா. நான் பாக்கிறன், ஆனா நம்பி இருக்காதேங்கோ."

கறுப்புச் சேலை இல்லை. சாம்பல் நிறப் பருத்திச் சேலை, அயர்ன் பண்ணி வைத்தேன். மேலே குளிர்ச்சட்டை.

ஜூன் 17, செவ்வாய்

அடக்கம் முடிந்தது.

மழை விட்டு விட்டு. வந்தவர்கள்: நேதன், ரோசா, ரோசாவின் மகன், நான். பிறகு ஒரு வியட்நாம்காரர், அறுபது இருக்கும், கையில் ஒரேஞ்சுத் தோடம்பழப் பை. பேப்பரில் மரண அறிவித்தல் பார்த்தாராம். ஸ்பிரிங்வேலில் பேக்கரி வைத்திருக்கிறார். "என் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. இங்கிலிஷ் ஒரு சொல் தெரியாது. இவர் எங்கள் மொழி பேசினார். சிப்பாய்கள் பேசுகிற மாதிரி, கெட்ட சொல்லும் கலந்து. அம்மா வெட்கத்தில் சிரித்துச் சிரித்து வலியை மறந்துவிட்டா." சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். பிறகு பழங்களைக் கல்லின் ஓரம் வைத்தார்.

ஜோனின் கல் சின்னது. பக்கத்தில் குழி, பச்சை விரிப்புப் போட்டு மூடி. பெட்டியில் கொடி இல்லை. ரோசா வீட்டு ரோஸ்மேரிக் கொத்து ஒன்று மட்டும்.

அடக்கம் நடத்துபவர் யார் பேசுவது என்று பார்த்தார். நேதன் சொன்னார்: "எனக்கு அவரைத் தெரியாது. தெரியாதவன் பேசக்கூடாது என்பது அவருடைய சொல்." பிறகு என்னைக் காட்டினார். "இவர் அவருடைய நேர்ஸ்."

கேரர் என்று திருத்த வாய் வந்தது. திருத்தவில்லை.

என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். இங்கிலிஷில் சொன்னது:

"நான் என் நாட்டில் சண்டைக்குள் நேர்ஸாக இருந்தேன். கடைசி மாதங்களில் ஒரு பள்ளிக்கூடம்தான் ஆஸ்பத்திரி. கை கால் எடுக்கும்போது பிடிப்பதும், பிறகு கட்டுவதும் என் வேலை. பதினாறு வருடமாக இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. டொக்டர் ஹாலமுக்கும் நான் சொல்லவில்லை. அவர் என் கட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. இந்த நாட்டில் என்னைச் சிஸ்டர் என்று கூப்பிட்டது அவர் ஒருவர்தான். அவர் சத்தம் வேண்டாம் என்றார். ஆகவே கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் நிற்போம்."

நின்றோம். ரோட்டில் லொறிகள். ஒரு மைனா கத்திக்கொண்டிருந்தது.

பெட்டியை இறக்கினார்கள். பட்டி இழுபடும் சத்தம். ஒவ்வொருவராக மண் போட்டோம். ஈரமண், கையில் ஒட்டியது. பிறகு எல்லோரும் கார்ப் பக்கம் நடந்தார்கள். நான் நின்றேன். சின்ன இயந்திரத்தோடு இரண்டு பேர் தள்ளிக் காத்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் போகட்டும் என்று.

"நாங்கள் இனித்தான் மூடவேண்டும். அதைப் பார்க்க நல்லாயிருக்காது," என்றான் ஒருவன்.

"பரவாயில்லை. செய்யுங்கள்."

எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அம்மாவின் உடலைக்கூட வாசல் படலையோடு அனுப்பியதுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பேர் என் கைக்குள்ளேயே போனார்கள். பின்பக்கம் குழி வெட்டிவைத்திருந்தது. தூக்கிப்போக வேறு ஆட்கள். நான் ஒரு நாளும் அந்தப் பக்கம் போகவில்லை. திரும்புமுன் அடுத்த ஆளை மேசையில் கிடத்திவிடுவார்கள். ஒருவரையும் மண் மூடும்வரை நின்று பார்த்ததில்லை. ஒருவரையும். இன்றுதான்.

அந்தப் பெடியள் இரண்டு பேரும் இயந்திரத்தை மெதுவாக விட்டார்கள். கடைசியில் மண்வெட்டியால் தட்டிச் சமப்படுத்தினார்கள். எனக்காகச் செய்தார்கள் என்று நினைக்கிறேன். அப்போதுதான் அழுதேன். எந்த ஆளுக்கு என்று பிரிக்க முடியாத அழுகை.

திரும்பினால் மரத்தடியில் தம்பி. வேலைச் சட்டையோடு, நனைந்து. எப்போது வந்தான்? நேதன் பிறகு சொன்னார், நான் பேசத் தொடங்கும்போதே வந்துவிட்டாராம், பின்னால் நின்றாராம்.

தம்பியின் காரில் டண்டினொங் வந்தோம். வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தினான்.

"அக்கா, டிஸ்பென்சரியில மருந்து குடுத்தனான் எண்டெல்லே எனக்குச் சொன்னனீங்கள்."

"ஓம். அப்பிடித்தான் சொன்னனான்."

"ஏன்?"

"நீ கேக்கேல்லை."

ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முகத்தைக் கையால் துடைத்தான். "கேக்கப் பயமா இருந்தது," என்றான். "நான் இஞ்ச இருந்தனான். நீங்கள் அங்க."

"சனிக்கிழமை வா," என்றேன். "பகலில வா. தனிய வா. நேரம் எடுக்கும்."

உள்ளே போய் உடுப்போடு தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்தேன்.

ஜூன் 19, வியாழன்

10 மணிக்குப் புது ஆள் போட்டிருக்கிறார்கள். ஒரு கிரேக்கப் பெண், எழுபத்தொன்பது. கதவைத் திறக்கவில்லை. உள்ளே ரீவி சத்தம். நாற்பது நிமிடம் படியில் இருந்தேன். 'பராமரிப்பு மறுக்கப்பட்டது' என்று போனில் பதிந்தேன். செவ்வாய் திரும்பப் போகவேண்டும்.

நேதன் விமான நிலையத்தில் இருந்து போன். கொடி கைப்பையில் இருக்கிறதாம். அப்பாவுக்குச் சொல்ல இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். டொக்டருக்கு மாமலேட் ஜாம் விருப்பம், நீரிழிவோடு ஒளித்துச் சாப்பிடுவார், போத்தல் சப்பாத்துப் பெட்டிக்குள் இருக்கும் என்றேன். மறுபக்கத்தில் சிரித்தார். சிரித்துக்கொண்டே குரல் மாறியது. பிறகு போர்டிங்குக்குக் கூப்பிட்டார்கள்.

ஜூன் 21, சனி

மூடுபனி. பதினொரு மணி வரை கலையவில்லை.

தம்பி ஒன்பதுக்கே வந்தான். தனிய. கலா இடியப்பமும் சொதியும் கொடுத்துவிட்டிருந்தாள். போனை நிறுத்தி மேசையில் கவிழ்த்து வைத்தான். தேத்தண்ணி ஊற்றினேன். எனக்கு முன்னால், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். தலையில் நரை. இவ்வளவு நரை எப்போது வந்தது?

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஷெல் விழுந்த நாளில் இருந்தா, இடம்பெயர்ந்த நாளில் இருந்தா? மருந்து முடிந்த நாளில் இருந்தா? அவன் அவசரப்படுத்தவில்லை.

"மேசை ரெண்டுதான் இருந்தது, தம்பி," என்றேன். "வாத்தியார்மாரின்ர மேசை."